சொல்லுக்கும் குடி பார்க்க வேண்டும்

அக்கரைப்பற்றில் இந்த வருடம்தான் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் ஓர் ஆங்கில ஆசிரியை என்னிடம் கேட்டிருந்தார்: "சேர், ஒரே மாதிரி ஒலிக்கிற ஆங்கிலச் சொற்களைப் பற்றித் தரம் 6, 7 பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுதுகிறேன். ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத உம்மாமாரும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நாற்பது சோடி சேர்த்துவிட்டேன். வாசித்துப் பார்த்த என் தங்கச்சிக்கே தலை சுற்றுகிறதாம். எங்கே பிழை?"

மகள், பிழை அந்தச் சோடியில்தான் இருக்கிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். கற்பிக்க வந்த இரண்டாம் வருடம். கரும்பலகையில் 'ரைட்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே நாலு சொல்லையும் வரிசையாக எழுதினேன். வலப்பக்கம் என்கிற ரைட், எழுது என்கிற ரைட், சடங்கு என்கிற ரைட், பிறகு நாடகாசிரியரைக் குறிக்கும் சொல்லின் வாலில் வருகிற ரைட். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கும் பெருமைதான். இரண்டு கிழமை கழித்துச் சொல்வதெழுதல் வைத்தால், அதுவரைக்கும் 'வலப்பக்கம் திரும்பு' என்பதைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட முன்னால் ஒரு டபிள்யூவை நட்டு வைத்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாத சந்தேகத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது? கலியாண வீட்டில் இரட்டைப் பிள்ளைகளை ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தி, "இவன் மூத்தவன், இவன் இளையவன்" என்று சொன்னால், இரட்டையர் என்பது மட்டும்தான் நம் மனதில் நிற்கும். எவன் மூத்தவன் என்பது வாசலைத் தாண்டுமுன் மறந்துபோகும். அதே பிள்ளைகளில் ஒருவனை உங்கள் வகுப்பிலும் மற்றவனைப் பந்தடிக்கிற இடத்திலும் வேறு வேறு நாளில் சந்தித்திருந்தால், குழப்பம் வரவே வராது.

நம் பக்கத்தில் கலியாணம் பேசும்போது "என்ன குடி?" என்று கேட்பார்கள். உங்கள் ஊரிலும் கேட்பார்கள், எங்கள் களுவாஞ்சிக்குடியிலும் கேட்பார்கள், தாய்வழியாக வருகிற குலக் கணக்கு அது. பெயர் ஒன்றாக இருக்கும், குடி வேறாக இருக்கும். ஒத்த ஒலிச் சொற்களுக்கும் இதுதான் கதை. ஒலியைக் கேட்டவுடன் "இதற்கு இன்னொரு ஆள் இருக்கிறான்" என்று சொல்வதை விட்டுவிட்டு, அந்தச் சொல்லின் குடியைக் காட்டுங்கள்.

எப்படி என்று 'வீக்' என்ற சொல்லை வைத்துப் பார்ப்போம். உங்கள் குறிப்பில் ஏறக்குறைய இப்படி இருக்கிறது என்று நினைக்கிறேன்: "வீக் என்ற சொல் டபிள்யூ-ஈ-ஈ-கே எனவும் டபிள்யூ-ஈ-ஏ-கே எனவும் எழுதப்படும். முன்னையது கிழமையையும் பின்னையது பலவீனத்தையும் குறிக்கும்." இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வாசிக்கிற தாய் 'பின்னையது' என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணை மேலே கொண்டுபோய் எது முன், எது பின் என்று தேட வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு எழுத்துக்கூட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 'முன்னையது, பின்னையது, முறையே' என்ற மூன்று சொற்களையும் இந்தக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பாதித் தெளிவு அதிலேயே வந்துவிடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "வீக் என்றால் கிழமை, ஏழு நாள். எழுத்து: டபிள்யூ-ஈ-ஈ-கே. நெக்ஸ்ட் வீக், அடுத்த கிழமை. வீக்கெண்ட், சனி ஞாயிறு." இவ்வளவுதான். பலவீனம் என்ற பேச்சே அந்தப் பக்கத்தில் இல்லை. அது நாலைந்து பக்கம் தள்ளி, தன் சொந்தக் குடியோடு வரட்டும்: "வீக் ரீ, சாயம் போதாத தேத்தண்ணி. வீக், ரீ இரண்டிலும் ஈ-ஏ ஓடும்." தேத்தண்ணியைக் குறிக்கும் ரீ தமிழ் வீடுகளில் தினமும் புழங்குகிற சொல். அதன் எழுத்து ரீ-ஈ-ஏ என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத சொல் உள்ளே வந்துவிடுகிறது.

கடல் என்ற சீயும் இந்த ஈ-ஏ குடிதான், சாப்பிடு என்ற ஈட்டும் அந்தக் குடிதான். இறைச்சி என்ற மீட்டை எழுதிப் பாருங்கள், எம்-ஈ-ஏ-ரீ. முதல் எழுத்தை மறைத்தால் 'சாப்பிடு' உள்ளே இருக்கும். பார் என்ற சீ, மரம் என்ற றீ, பச்சை என்ற கிறீன், சந்தி என்ற மீட், கிழமை என்ற வீக், இவையெல்லாம் ஈ-ஈ குடி. ஒரு மாதம் ஒரு குடி, அடுத்த மாதம் மற்றக் குடி. சோடியை எங்கேயும் நீங்கள் கட்டத் தேவையில்லை. இரண்டு குடியும் நன்றாகப் பழகிய பிறகு ஒரு நாள் பிள்ளை தானாகவே, "சேர், ரெண்டும் ஒரே மாதிரித்தானே கேட்குது!" என்று எழும்பும். அது பிள்ளையின் கண்டுபிடிப்பு, அதை நாம் பறிக்கக் கூடாது.

அந்த நாள் வந்த பிறகு பகிடிக்கு இடமுண்டு. என்னிடம் படித்த பெட்டை ஒருத்தி சொன்னதை இன்னும் மறக்கவில்லை: "ரெண்டு ஈ சந்திச்சா அது மீட். ஒரு ஈ இறைச்சியில மொய்ச்சா அதுவும் மீட்." எந்தப் பாடநூலிலும் இப்படி ஒரு விளக்கம் கிடைக்காது, தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும்தான் அந்த எழுத்து ஈயாகப் பறக்கும். ஆங்கிலப் புத்தகங்களில் வருகிற நினைவுத் தந்திரங்களை மொழிபெயர்த்துப் போடாதீர்கள். அதிபரைக் குறிக்கும் பிறின்சிபல் என்ற சொல்லின் கடைசியில் 'பல்' என்ற நண்பன் ஒளிந்திருக்கிறான் என்று ஒரு தந்திரம் எல்லோரும் சொல்வார்கள். நண்பன் என்ற அந்த ஆங்கிலச் சொல்லே தெரியாத பிள்ளைக்கு அது இன்னொரு சுமை.

இந்தச் சொற்கள் ஏன் இப்படி ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன என்று உம்மாமார் கட்டாயம் கேட்பார்கள். "ஆங்கிலம் அப்படித்தான்" என்று தட்டிக்கழிக்காமல் ஒரு பக்கம் எழுதுங்கள். அதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது: தோட்டத்தில் நிற்பது வாழை, குளத்தில் பிடிபடுவது வாளை. பேசும்போது நம்மில் எத்தனை பேர் இரண்டையும் வேறுபடுத்துகிறோம்? வாய் எப்போதோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, எழுத்து மட்டும் பழைய வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் மயங்கொலி என்று படிப்பிக்கிறார்களே, அதுதான்.

ஆங்கிலத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதை. சந்திப்பு என்ற மீட்டும் இறைச்சி என்ற மீட்டும் ஒரு காலத்தில் வேறு வேறு உயிரொலியோடு சொல்லப்பட்டவை. வில்லியம் கக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு யந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு மெல்ல இறுகத் தொடங்கியது. ஆனால் அதே நூற்றாண்டுகளில்தான் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, வாய் நடந்துபோய்விட்டது. ஏறக்குறைய 1700ஆம் ஆண்டளவில் பெரும்பாலோரின் வாயில் இரண்டு மீட்டும் ஒன்றாகிவிட்டன. ஈ-ஏ என்ற அந்த எழுத்துச் சோடி, போன ஒலியின் சுவடு.

இதே சுவடுதான் தெரிந்துகொள் என்ற நோவின் முன்னால் நிற்கும் கே. கத்திக்கும் முழங்காலுக்கும் முன்னால் நிற்பதும் அதே கேதான். அந்தக் காலத்தில் அதை உண்மையாகவே ஒலித்தார்கள், 17ஆம் நூற்றாண்டளவில்தான் அது வாயிலிருந்து விழுந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, எழுதும்போது மட்டும் மனதுக்குள் 'க்நோ' என்று சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே எழுதுவார்கள், கேயை மறக்க மாட்டார்கள். 'இல்லை' என்ற நோவுக்கு அப்படி ஒரு கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

எல்லாம் வேறு குடி என்று நினைத்துவிடவும் வேண்டாம். மா என்ற ஃபிளவரும் பூ என்ற ஃபிளவரும் உண்மையிலேயே ஒரே தாய் பிள்ளைகள். அரைத்த கோதுமையில் எடுத்த மிகச் சிறந்த பகுதியை அதன் 'பூ' என்றார்கள். நீண்ட காலம் மாவையும் பூவின் எழுத்துக்கூட்டிலேயே எழுதி வந்து, பிறகுதான் இரண்டையும் பிரித்தார்கள். கல்முனைச் சந்தையில் மா வாங்குகிற உம்மாவுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஈ-ஏ வந்தால் ஈகார ஒலிதான் என்று விதி போட்டுவிடாதீர்கள். பெரிய என்ற கிறேட், உடை என்ற பிறேக், பொரித்த மாட்டிறைச்சித் துண்டான ஸ்ரேக், இந்த மூன்றும் அந்த ஊர்வலத்தில் சேராமல் பின்தங்கிவிட்டன. உடை என்ற பிறேக்குக்கு பஸ்ஸில் பிடிக்கிற பிறேக் ஒத்த ஒலி. பஸ்ஸின் பிறேக்கில் ஈ-ஏ கிடையாது.

இனி, உங்கள் நாற்பதில் பாதியையாவது வெட்டுவதற்கான வழி. ஒரே மாதிரி ஒலிக்கிறது என்றால் யாருடைய வாயில் என்று முதலில் கேளுங்கள். எடுக்கிற பட்டியல்கள் பலவும் இங்கிலாந்து வாய்க்கோ அமெரிக்க வாய்க்கோ செய்தவை. தென் இங்கிலாந்தில் 'நீதிமன்றம்' என்ற கோர்ட்டும் 'பிடித்தான்' என்ற கோட்டும் ஒரே ஒலி, ஏனென்றால் அவர்கள் நடுவிலுள்ள ஆரைச் சொல்வதில்லை. சோஸும் ஊற்றுமூலத்தைக் குறிக்கும் சோர்ஸும் அப்படியே. நம் பிள்ளைகள் ஆரை அழுத்திச் சொல்கிறவர்கள். அவர்களிடம் இல்லாத குழப்பத்துக்கு மருந்து எதற்கு? அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் கனடாவிலும் பலருக்குக் கட்டிலைக் குறிக்கும் கொட்டும் பிடித்தான் என்ற சொல்லும் ஒன்று. அதுவும் நமக்கு வேண்டாம். ஸ்கொட்லாந்தில் பலர் டபிள்யூ-எச் வருகிற இடத்தில் காற்றை ஊதிச் சொல்வார்கள். எந்த என்ற விச்சும் சூனியக்காரி என்ற விச்சும் அவர்களுக்கு வேறு வேறு ஒலி. நமக்கு ஒன்றுதான், அதனால் அந்தச் சோடி இருக்கட்டும்.

மறுபக்கம், எந்தப் புத்தகத்திலும் இல்லாத சோடிகள் நம் வாயில் இருக்கின்றன. மேற்கு என்ற வெஸ்டும் உள்ளே போடுகிற வெஸ்டும். மண்டபம் என்ற ஹோலும் ஓட்டை என்ற ஹோலும். விலை என்ற பிறைஸும் பரிசு என்ற பிறைஸும். இவை ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலி, நாம்தான் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். இதற்கு எழுத்துக்கூட்டு விளக்கம் உதவாது, காதுக்கும் உதட்டுக்கும்தான் பயிற்சி வேண்டும். ஆகவே இவற்றை உங்கள் குறிப்பில் கலக்காமல் தனித் தாளில் வையுங்கள். வித்தியாசத்தைக் கேட்க முடியும் என்று பிள்ளைக்கு நம்பிக்கை வர ஒரு வழி உண்டு: "கோப்பி குடிக்கிறோம், கொப்பியில் எழுதுகிறோம்" என்று சொல்லிக் காட்டுங்கள். ஒரு நெட்டுயிரை நாமே எவ்வளவு கவனமாகப் பிரிக்கிறோம் என்று அவர்களுக்குப் புரியும். இன்னொன்று: மண்டபத்தையும் ஓட்டையையும் ஒன்றாகச் சொல்கிறவரை இளக்காரமாகப் பார்க்கிற ஒரு கெட்ட பழக்கம் இந்த நாட்டில் உண்டு. அந்தக் கேலியின் வாடை உங்கள் தாளில் வரக் கூடாது. வாசிக்கிற உம்மாவே அப்படிச் சொல்கிறவராக இருக்கலாம்.

சரி, தமிழ் எழுத்தில் எழுதுவதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். நல்ல முடிவு, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் எழுத்து புதிதாகவே ஒத்த ஒலிகளை உண்டாக்கிவிடும். இந்தியத் தமிழில் டைம் என்று எழுதுவதை நாம் ரைம் என்று எழுதி வந்திருக்கிறோம். பாட்டில் வருகிற எதுகையும் நமக்கு ரைம்தான். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் முதல் ஒலியே வேறு. உண்மையில் நேரத்துக்கு ஒத்த ஒலி, ஓமத்தின் வாசம் அடிக்கிற ஒரு மேல்நாட்டுச் செடியின் பெயர். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட்டின் பெயரைத் தமிழில் வாசிக்கிற பிள்ளைகள் "கிழட்டு வில்லியமா?" என்று சிரிப்பார்கள். பாவம், அந்த மனிதர் வந்த மறு வருடமே, கிழவராகுமுன் காலமாகிவிட்டார்.

அதனால் ஒலியைத் தமிழில் ஒரு தடவை எழுதிவிட்டு, உடனே எழுத்துக்களின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ரீயையும் டீயையும் நாம் பிரித்து எழுதுகிற பழக்கம் இங்கே கைகொடுக்கும். சிக்கல் பீயில்தான். ஆங்கிலத்தில் இரண்டு பீ, தமிழில் ஒன்று. 'பஸ் பீ', 'பென்சில் பீ' என்று முதல் பக்கத்திலேயே பெயர் வைத்துவிட்டால் கடைசிவரை பிரச்சினை இல்லை.

தெயர் கூட்டத்தை நான் இந்தக் குறிப்பிலேயே சேர்க்க மாட்டேன். அவர்களுடைய, அங்கே, அவர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் எழுத்துப் பிழையாகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அது இலக்கணம். இலக்கணம் என்றால் தமிழ் நமக்குப் பெரிய துணை. இங்கே, அங்கே, எங்கே: மூன்றிலும் 'ங்கே' இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே மூன்று சொல்லில் எச்-ஈ-ஆர்-ஈ அப்படியே இருக்கிறது, முன்னால்தான் மாறும். இதைக் காட்டிய பிறகு இடத்தைக் குறிக்கும் தெயரைப் பிழையாக எழுதிய பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை. கேள் என்ற ஹியர் இடத்தைக் குறிக்காது, அதனுள்ளே ஈ-ஏ-ஆர், காது இருக்கிறது.

மேலே கொமா போடுகிற சொற்களுக்கு வேற்றுமை உருபை வைத்துப் பார்த்தால் போதும். தமிழில் 'அதன்' என்று வந்தால் இற்ஸில் கொமா இல்லை. 'அது' என்று மட்டும் வந்து, பின்னால் 'இருக்கிறது' ஒட்டக்கூடியதாக இருந்தால் கொமா உண்டு. 'அதன் வால்', கொமா இல்லை. 'அது ஒரு நாய்', கொமா உண்டு. யாருடைய, யார் என்ற சோடிக்கும் இதே சோதனை. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு கைக்கடக்கமான சோதனை கிடையாது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

தொலைபேசியில் தட்டெழுதும்போது சிவப்புக் கோடு விழாததால் சரி என்று நினைக்க வேண்டாம் என்று ஒரு வரி போடுங்கள். ஒத்த ஒலிச் சொல் இரண்டுமே சரியான சொல்தான், அதனால் அந்தக் கோடு பெரும்பாலும் வராது. எனக்கு வந்த ஒரு விடுமுறைக் கடிதத்தில் பிள்ளை "ஒரு பலவீனத்துக்குக் கிழமையாக இருந்தேன்" என்ற பொருள்பட எழுதியிருந்தது. ஒரு சொல்லுக்குக்கூடக் கோடு விழுந்திருக்காது.

நாற்பதைப் பன்னிரண்டாகக் குறைத்த பிறகு, அச்சடிக்குமுன் உங்கள் உம்மாவிடம் ஒரு பக்கத்தைக் கொடுங்கள். நீங்கள் அறையில் இருக்க வேண்டாம். அவர் வாசித்து, வீட்டிலுள்ள ஒரு பிள்ளைக்குச் சொல்வதெழுதல் கொடுக்கட்டும். தனிச்சொல்லாகக் கொடுக்க வேண்டாம், முழு வாக்கியமாகவே கொடுக்கச் சொல்லுங்கள், தனியாகச் சொன்னால் எந்த மீட் என்று யாருக்குத் தெரியும்? அவர் எந்த வரியில் நின்று திரும்ப வாசிக்கிறார் என்று பிள்ளையிடம் பிறகு கேளுங்கள். அந்த வரியைத்தான் திருப்பி எழுத வேண்டும். திருத்திய பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள், மகள். என் பேத்தி இந்த வருடம் தரம் 6.